சாப்பிடுவதையெல்லாம் முகத்தில் பூசலாமா? சமையலறை ஃபேஸ் பேக்குகளின் கணக்கு

எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து பூசினால் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் ஒருவர். எலுமிச்சையை முகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்று தோல் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தயிர் குளிர்ச்சி என்று பலர் சொல்ல, அதே தயிரைப் பூசி முகம் எரிந்தது என்பவர்களும் இருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் ஒருவருக்கு வறட்சியைப் போக்குகிறது. இன்னொருவருக்கு நெற்றி நிறையப் பருக்களைக் கொண்டுவருகிறது. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

எல்லோரும் பொருளின் பெயரை வைத்தே தீர்ப்புச் சொல்வது இந்தக் குழப்பத்துக்கு ஒரு முக்கியக் காரணம். பெயரை ஓரமாக வைத்துவிட்டு, எந்தப் பொருளானாலும் மூன்று கேள்விகளைக் கேட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

1. அது தோலுக்குள் போகுமா, மேலேயே நின்றுவிடுமா?
2. அதன் அமிலத்தன்மை தோலோடு ஒத்துப்போகிறதா?
3. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாகப் பார்க்க வாய்ப்பு உண்டா?

விடையை முன்கூட்டியே சொல்லிவிடலாம். சமையலறைப் பொருள்கள் தோலின் மேல்பரப்பு வேலைகளை நன்றாகவே செய்கின்றன. ஈரம் சேர்ப்பது, வறட்டு அரிப்பைத் தணிப்பது, எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது எல்லாம் அதில் அடங்கும். ஆழத்தில் வேலை செய்வதாகச் சொல்லப்படுபவையோ பெரும்பாலும் அங்கே போவதே இல்லை. போகிறவையும் தோலின் காவலை உடைத்துக்கொண்டே போகின்றன.

முகத்தின் மேல் என்ன இருக்கிறது?

நாம் தொட்டுப் பார்க்கும் தோலின் மேல்பரப்பு, இறந்த செல்களால் ஆன மெல்லிய அடுக்கு. கொம்படுக்கு என்று பாடநூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. உடலின் பெரும்பாலான இடங்களில் 15 முதல் 20 வரிசை செல்கள். மொத்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. முகத்தில் இன்னும் மெல்லியது. உடலின் நீர் வெளியே ஆவியாகிப் போகாமலும், வெளியே இருப்பது உள்ளே நுழையாமலும் காப்பது இந்த அடுக்குதான்.

தோல் ஆய்வாளர்கள் இதைச் செங்கல் சுவர் என்று வர்ணிப்பது வழக்கம். தட்டையான இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு நடுவே நிரம்பியிருக்கும் கொழுப்புகள் சாந்து. அந்தச் சாந்தில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என மூன்று வகை உண்டு. எடையில் ஏறக்குறைய பாதி செராமைடு. சாந்து உதிர்ந்தால் தோல் வறண்டு, இழுத்து, எரியத் தொடங்கும். நேற்றுவரை ஒன்றும் செய்யாத சோப்புகூட அப்போது சுருக்கென்று குத்தும்.

செங்கற்களுக்குள்ளே அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டேட் போன்ற சிறு மூலக்கூறுகள் இருக்கின்றன. இவை நீரை இழுத்துப் பிடித்துவைக்கும். இவை நீரில் கரையக்கூடியவை. அதனால்தான் முகத்தை நெடுநேரம் ஊறவிட்டால் முதலில் மிருதுவாகத் தெரிந்தாலும், காய்ந்த பிறகு முன்னைவிட வறண்டுபோகிறது. ‘ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்’ என்ற அறிவுரையைப் பார்த்தால் இதை நினைவில் கொள்ளலாம். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் கிடைக்கும் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

உள்ளே போவது எது?

மூலக்கூறுகளின் எடையை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் பழுதில்லாத தோலைக் கடப்பது மிகக் கடினம் என்று 2000-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது. தோல்வழி மருந்துகளை வடிவமைப்பவர்கள் இன்றும் இதை ஒரு கைக்கணக்காக வைத்திருக்கிறார்கள். இந்த அளவுகோலில் சமையலறையை நிறுத்திப் பார்ப்போம்.

1. கொலாஜன் சுமார் 3,00,000 டால்டன். ஜெலட்டின் அதே கொலாஜனிலிருந்து வருவது. அதன் துண்டுகளும் பல்லாயிரக்கணக்கில்தான். ஜெலட்டின் பூசித் தோலின் கொலாஜனைக் கூட்ட முடியாது.
2. முட்டை வெள்ளைக்கருவின் முதன்மைப் புரதம் சுமார் 45,000 டால்டன். இதுவும் வெளியே நிற்கும்.
3. மஞ்சளின் குர்குமின் 368 டால்டன். அளவு சிறியதுதான், ஆனால் நீரில் கரைவதே அரிது. மஞ்சள்தூளில் அதன் பங்கும் சில சதவீதம் மட்டுமே. ஆகவே மேலடுக்கில் சாயமாகப் படிவதே அதிகம்.
4. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் 192, வைட்டமின் சி 176, தயிரின் லாக்டிக் அமிலம் 90 டால்டன். இவை நுழையக்கூடிய அளவு கொண்டவை.

நான்காவது வரியைப் படித்ததும் எலுமிச்சை ஆதரவாளர்கள் துள்ளிக் குதிக்கக்கூடும். வைட்டமின் சி உள்ளே போகும் என்றால் நல்லதுதானே?

அளவைப் பார்க்க வேண்டும். 100 மில்லி எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி ஏறக்குறைய 40 முதல் 50 மில்லிகிராம்; அதாவது 0.05 சதவீதத்தை ஒட்டி. கடைகளில் விற்கும் வைட்டமின் சி சீரங்களில் இருப்பதோ பொதுவாக 10 முதல் 20 சதவீதம், அதாவது குறைந்தது 200 மடங்கு. இன்னொரு பக்கம், அதே சாற்றில் சிட்ரிக் அமிலம் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. வைட்டமினைப் போல நூறு மடங்கு அமிலம்! எலுமிச்சையை முகத்தில் தேய்ப்பவர் வைட்டமின் சி பூசுவதாக நினைத்துக்கொண்டு சிட்ரிக் அமிலத்தைப் பூசுகிறார். சுருக்கென்ற எரிச்சலும், மறுநாள் மேல்தோல் உரிந்து ‘புதுப்பொலிவு’ தெரிவதும் அந்த அமிலத்தின் வேலை.

அமிலமும் காரமும்

பிஎச் என்பது ஒரு கரைசல் எவ்வளவு அமிலம் அல்லது காரம் என்பதைச் சொல்லும் எண். 1909-ல் டென்மார்க் வேதியியலாளர் சோரென்சன் வகுத்த அளவுகோல் இது. 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எண் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். இரண்டு குறைந்தால் இரண்டு மடங்கு என்று நினைத்துவிடக் கூடாது, நூறு மடங்கு.

ஆரோக்கியமான முகத்தோலின் பிஎச் சுமார் 4.5 முதல் 5.5. இந்த லேசான புளிப்பு தற்செயலாக அமைந்ததில்லை. செராமைடு தயாரிக்கும் நொதிகள் இந்த அமிலச் சூழலில்தான் சரியாக இயங்கும். பிஎச் 7-ஐ நோக்கி ஏறினால் அவை மந்தமாகி, செல்களின் இணைப்பை அறுக்கும் வேறு நொதிகள் சுறுசுறுப்பாகிவிடும். அதாவது சாந்து பூசும் வேலை நிற்கிறது, சுவரை உதிர்க்கும் வேலை வேகம் பிடிக்கிறது.

சமையல் சோடாக் கரைசலின் பிஎச் 8-க்குச் சற்று மேல். தோலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு விலகல். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை, அது எதிர்த்திசையில் சில நூறு மடங்கு. வினிகரும் எலுமிச்சைக்கு அருகில்தான். தேன் சுமார் 4, தயிர் 4 முதல் 4.6, இரண்டும் தோலின் அக்கம்பக்கத்தில் இருப்பவை. தேனும் தயிரும் பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராததற்கு இந்த எண்களில் பாதி விளக்கம் இருக்கிறது.

சோடாவின் காரத்தன்மையைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை நீரில் குழைத்து, அதில் சமையல் சோடாவைத் தூவுங்கள். மஞ்சள் நிறம் செம்பழுப்பாக மாறும். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பு போட்டதும் கறை சிவப்பதும் இதே வினைதான். ‘மஞ்சளும் சோடாவும் கலந்த ஃபேஸ் பேக்’ என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறையாவது குழைத்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். காரச் சூழலில் குர்குமின் வேகமாகச் சிதைந்துபோகும். எதை எதிர்பார்த்து மஞ்சளைச் சேர்த்தார்களோ அதையே சோடா கெடுத்துவிடுகிறது.

எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்தால் நுரைத்துப் பொங்கும். ‘துளைகளில் உள்ள அழுக்கு பொங்கி வெளியே வருகிறது’ என்ற வர்ணனைக்கு அதுதான் ஆதாரம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும்போது கரியமில வாயு குமிழ்களாக வெளியேறுகிறது, அவ்வளவே. மிஞ்சுவது சோடியம் சிட்ரேட் கரைந்த நீர். கிண்ணத்தில் கலந்தாலும் அதே நுரைதான். அங்கே எந்த அழுக்கும் இல்லை.

தயிரின் லாக்டிக் அமிலத்தைப் பற்றியும் ஒரு கணக்கு போடலாம். பழ அமிலங்கள் என்று பரவலாக அறியப்படும் வகையைச் சேர்ந்தது இது. இறந்த செல்களின் பிணைப்பைத் தளர்த்தி உதிரச் செய்வது இதன் குணம். தயிரில் இது சுமார் 1 சதவீதம். ஆனால் அமிலம் முழுவதும் வேலை செய்வதில்லை. அயனியாகப் பிரியாமல் இருக்கும் பகுதிதான் தோலுக்குள் எளிதில் நுழையும். தயிரின் பிஎச் 4.5 என்றால், அந்தப் பகுதி ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆக, வேலை செய்யும் அமிலம் 0.2 சதவீதம்கூட இல்லை. வீட்டில் பயன்படுத்தும் அழகுசாதனங்களில் கிளைக்காலிக், லாக்டிக் அமிலங்கள் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஎச் 3.5-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று அமெரிக்காவில் அழகுசாதன மூலப்பொருள்களை மதிப்பிடும் வல்லுநர் குழு வரையறுத்திருக்கிறது. தயிர் அந்த வரம்புக்கு வெகு தொலைவில் நிற்கிறது. எனவே தயிர் தரும் மென்மைக்கு அதன் நீரும் கொழுப்பும் பெரும் காரணம், அமிலம் சிறு காரணம். அதே வரம்பை எலுமிச்சைச் சாற்றுக்குப் பொருத்திப் பார்த்தால் பிஎச் சோதனையிலேயே தோற்றுவிடும்.

எலுமிச்சையும் வெயிலும்

எலுமிச்சை விஷயத்தில் எரிச்சலைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எலுமிச்சை வகைப் பழங்களின் தோலிலும் சாற்றிலும் ஃபுரோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் உள்ளன. இருட்டில் இவை சும்மா இருக்கும். தோலில் படிந்திருக்கும்போது வெயிலின் புறஊதா ஏ கதிர் பட்டால், செல்களின் டிஎன்ஏவோடு பிணைந்து அவற்றைச் சேதப்படுத்தும். தீக்காயம் போலச் சிவந்து கொப்புளிக்கும். பிறகு கரும்பழுப்புத் தழும்பாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். சாறு வழிந்த தடம் அப்படியே கோடாகத் தெரிவதும் உண்டு.

இதில் ஏமாற்றும் அம்சம் நேரம். சிவப்பு தலைகாட்ட ஒரு நாள் ஆகும். உச்சத்தை எட்ட இரண்டு மூன்று நாள். அதற்குள் எலுமிச்சை பூசியது மறந்துபோயிருக்கும். பழி வேறு ஏதாவது க்ரீமின் மேல் விழும்.

நிறத்தைக் கூட்டத்தான் பெரும்பாலோர் எலுமிச்சையை நாடுகிறார்கள். மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் எந்த அழற்சி வந்து போனாலும் அந்த இடத்தில் கூடுதல் நிறமி படிந்து கருத்துவிடுவது சாதாரணம். ஆகக் கரும்புள்ளியைப் போக்கப் பூசியதே கரும்புள்ளிக்குக் காரணமாகிறது. எலுமிச்சையைத் தண்ணீரில் கலக்கலாமா, இரவில் மட்டும் பூசலாமா என்றெல்லாம் கேட்பவர்கள் உண்டு. இவ்வளவு சுற்றி வளைத்துப் பயன்படுத்தும் அளவுக்கு அதில் லாபம் எதுவும் இல்லை. விட்டுவிடுவதே சரி.

வயிறு ஏற்பதைத் தோல் ஏன் எதிர்க்கிறது?

‘சாப்பிடவே செய்கிறோம், பூசினால் என்ன?’ என்பது கேட்பதற்கு நியாயமான வாதம். நோய் எதிர்ப்பு மண்டலம் இதை வேறு கோணத்தில் பார்க்கிறது.

உணவுப் புரதம் குடல் வழியாக வரும்போது, ‘இது தீங்கில்லாதது, விட்டுவிடு’ என்று உடல் கற்றுக்கொள்ளும் போக்கு அதிகம். அதே புரதம் வெடித்த, அழற்சி கண்ட தோல் வழியாக முதலில் வந்தால், காயத்தின் வழியே நுழைந்த அந்நியனாக எடுத்துக்கொண்டு எதிர்ப்புப் பொருள்களைத் தயாரிக்கத் தொடங்கும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தைகளின் உணவு ஒவ்வாமை பற்றி இரண்டு பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளின் மையக் கருத்து இது. நிலக்கடலை எண்ணெய் கலந்த க்ரீம்களை அழற்சி உள்ள தோலில் பூசிய குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை அதிகம் காணப்பட்டதாக 2003-ல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு இந்தச் சிந்தனையைத் தூண்டியவற்றில் ஒன்று.

பெரியவர்களுக்கும் இது நேரும் என்பதை ஜப்பானில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முக சோப்பு அங்கே பல லட்சம் பேரால் பயன்படுத்தப்பட்டது. அதுவரை ஆண்டுக்கணக்கில் கோதுமை சாப்பிட்டு வந்தவர்களுக்கு, ரொட்டியோ நூடுல்ஸோ சாப்பிட்ட பின் கண் இமை வீங்கியது. சிலர் மூச்சுத் திணறி அதிர்ச்சி நிலைக்கே போனார்கள். 2011-ல் அந்த சோப்பு திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டதாக உறுதிசெய்யப்பட்டவர்கள் 2,000-க்கும் மேல். நாள்தோறும் முகத்திலும் கண்ணோரத்திலும் தேய்த்ததும், சோப்பே தோலின் கொழுப்பைக் கரைத்து வழி திறந்துவிட்டதும் அங்கே சேர்ந்துகொண்டன. வாரம் ஒருமுறை கடலை மாவு பூசுபவருக்கு அதே கதி என்று பயமுறுத்துவது நேர்மையாகாது. ஆனால் உணவுப் பொருள் என்பதாலேயே தோலுக்குப் பாதுகாப்பு என்ற வாதம் அந்தச் சம்பவத்தோடு செல்லாததாகிவிட்டது.

இந்தக் கோணத்தில் தள்ளி வைக்க வேண்டியவை சில.

1. பட்டைத்தூள். அதன் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு, தொடு ஒவ்வாமையைத் தூண்டும் நறுமணப் பொருள்களில் பெயர்பெற்றது. மருத்துவமனைகளில் நறுமண ஒவ்வாமையைச் சோதிக்கும் கலவையிலேயே அது ஓர் உறுப்பு. ‘சூடாக இருந்தால் வேலை செய்கிறது என்று பொருள்’ என்ற விளக்கம் அபத்தம். சூடு என்பது எரிச்சல்.
2. பச்சைப் பப்பாளிப் பால். அதிலுள்ள பாப்பெய்ன் புரதங்களை அறுக்கும் நொதி. இறைச்சியை மென்மையாக்கும் அதே நொதி. அனுமதியின்றி விற்கப்பட்ட பாப்பெய்ன் மேற்பூச்சு மருந்துகளை, கடும் ஒவ்வாமை காரணமாக, 2008-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சந்தையிலிருந்து விலக்க நடவடிக்கை எடுத்தது. கனிந்த பழத்தில் இந்த நொதி மிகக் குறைவு. அப்போது தீங்கும் குறைவு, சொல்லப்படும் பலனும் குறைவு.
3. ஆப்பிள் சீடர் வினிகர். நீர்த்த நிலையிலேயே கடைகளில் சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம். அதைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்து, 22 பேரின் கைகளில் இரண்டு வாரம் சோதித்த 2019-ம் ஆண்டு ஆய்வில் தோலின் காவல் மேம்படவில்லை. பெரும்பாலோருக்கு எரிச்சல் வந்தது.
4. ஏற்கெனவே உங்களுக்கு ஒவ்வாமை உள்ள எந்த உணவும். கொட்டை, முட்டை, பால் எதுவானாலும் பூசவும் கூடாது.

உண்மையில் வேலை செய்பவை

இவ்வளவும் சொன்ன பிறகு மிஞ்சுவது சொற்பம்தான் என்று தோன்றலாம். மிஞ்சுபவை உருப்படியானவை.

முதல் இடம் ஓட்ஸுக்கு. இது வெறும் நம்பிக்கை சார்ந்தது இல்லை. மிக நுண்ணியதாக அரைத்த ஓட்ஸ் தூளைத் தோல் பாதுகாப்புப் பொருளாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-ல் ஏற்றுக்கொண்டது. அதில் உள்ள பீட்டா குளுக்கான் வழவழப்பான படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அவெனந்திரமைடு என்ற சேர்மங்கள் அரிப்பையும் அழற்சியையும் தணிக்கின்றன. கவனிக்க வேண்டியது அரைப்பதில். சர்க்கரையோ சுவையூட்டியோ இல்லாத ஓட்ஸை ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் நைசாக அரைத்து, ஒரு மேசைக்கரண்டித் தூளை ஒரு கிளாஸ் நீரில் கலக்கிப் பாருங்கள். நீர் முழுக்கப் பால் போல மாறி, விரலை விட்டால் வழுக்க வேண்டும். தூள் அடியில் தங்கி மேலே நீர் தெளிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். அந்தக் குருணையை முகத்தில் போட்டால் உராய்வு மட்டுமே கிடைக்கும். சரியான தூளை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, தேய்க்காமல் பரப்பி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கழுவிவிடலாம். முகம் இழுத்துப் பிடிக்கும் பருவத்தில் இதைவிட நல்ல சமையலறைப் பூச்சு இல்லை. எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் அழற்சி நோய்) உள்ள சிறு குழந்தைகளுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பூச வேண்டாம். மேலே சொன்ன ஒவ்வாமைக் காரணம் ஓட்ஸுக்கும் பொருந்தும்.

தேனில் நீர் சுமார் 18 சதவீதம்தான்; மீதி பெரும்பாலும் சர்க்கரை. அதனால் அது ஈரத்தைத் தன்பால் இழுக்கும். நீர்த்துப்போகும்போது அதிலுள்ள ஒரு நொதி சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உருவாக்குகிறது. கிருமிகளை அடக்கும் ஆற்றலுக்கு இது ஒரு காரணம். சூடாக்கினால் அந்த நொதி கெடும். மருத்துவமனையில் காயத்துக்குப் பயன்படுத்தும் தேன் காமாக் கதிர்வீச்சால் கிருமி நீக்கப்பட்டது. சமையலறைத் தேனில் பாக்டீரியாக்களின் உறங்குநிலை வித்துகள் (ஸ்போர்கள்) இருக்கக்கூடும். ஆகவே உடைந்த பருவின் மேலும் கீறலின் மேலும் வேண்டாம்.

எண்ணெய்களில் ஆலிவ் எண்ணெய்க்குக் கிடைத்த நற்பெயர் முகத்தைப் பொறுத்தவரை தகுதிக்கு மீறியது. 2013-ல் பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 19 பெரியவர்களிடம் சோதித்தபோது, ஆலிவ் எண்ணெய் தோலின் காவலை வலுவிழக்கச் செய்து லேசான சிவப்பையும் ஏற்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. ஆலிவில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் செராமைடு அடுக்கின் ஒழுங்கைக் குலைப்பதே காரணம். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நன்றாகவே உதவும். பருவைப் பொறுத்தவரை நிலைமை சிக்கலானது: ‘துளையை அடைக்கும் எண்ணெய்’ பட்டியல்களின் ஆணிவேர் 1970-களில் முயலின் காதுகளில் செய்த சோதனைகள். முயல் காது மனித முகத்தைவிட எளிதில் அடைத்துக்கொள்ளும். பட்டியலை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பரு அடிக்கடி வரும் முகம் என்றால் கனமான எண்ணெய் எதையும் நெற்றியிலும் மூக்கிலும் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளரிக்காயில் 95 சதவீதம் நீர். ஆவியாகும்போது குளிரும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. கடலை மாவு மேலே உள்ள எண்ணெயை உறிஞ்சும். காயக் காயச் சுரண்டி எடுக்காமல் நனைத்துக் கழுவ வேண்டும். முட்டை வெள்ளைக்கரு காயும்போது சுருங்கித் தோலை இழுப்பதால் சுருக்கம் மறைந்தது போலத் தெரியும்; கழுவியதும் பழைய நிலைதான். பச்சை முட்டையில் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும் என்பதால் உதட்டருகே அதைக் கொண்டுபோவது தேவையற்ற துணிச்சல். சர்க்கரை, உப்புப் படிகங்களால் தேய்ப்பது முகத்துக்குக் கடுமையானது.

பூச்சு கழுவிய உடனே தெரியும் பொலிவு எங்கிருந்து வருகிறது? கொம்படுக்கு நீரை உறிஞ்சிச் சற்று உப்புவதால் நுண்சுருக்கங்கள் நிரம்பி, ஒளி சீராகத் திரும்புகிறது. அது உண்மையான மாற்றம்தான். சில மணி நேரம் நிற்கும். ஆனால் எரிச்சலால் ரத்த ஓட்டம் கூடிச் சிவப்பதையும் பலர் பொலிவு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கையால் தொட்டுப் பாருங்கள். வெப்பமாகவும் இழுப்பாகவும் இருந்தால் அது எரிச்சல்.

மிஞ்சியதை எடுத்து வைக்கலாமா?

கூடாது. கடையில் வாங்கும் க்ரீம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குப் பதப்படுத்திகளே காரணம். அவை இல்லாத ஈரக் கலவையில், அதுவும் மாவும் சர்க்கரையும் புரதமும் இருக்கும்போது, பாக்டீரியாவும் பூஞ்சையும் விருந்து வைத்துக்கொள்ளும். குளிர்பெட்டி அந்த வளர்ச்சியை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. தேன் தனியாகக் கெடாது என்பதால் தேன் கலந்த பூச்சும் கெடாது என்று நினைக்க வேண்டாம். நீர் சேர்ந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உலர்ந்த தூளை மூடிவைக்கலாம். குழைத்ததை அன்றே, அப்போதே தீர்த்துவிட வேண்டும்.

முதன்முறை பூசுவதற்கு முன்

1. முழங்கையின் உட்புறத்தில் சிறு வட்டமாகப் பூசி, முகத்தில் எவ்வளவு நேரம் விடப்போகிறீர்களோ அவ்வளவு நேரம் விட்டுக் கழுவுங்கள். தொடு ஒவ்வாமை வெளிப்பட இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்பதால், அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று தேறுதல் கொள்வது பயன் தராது. ஏழு முதல் பத்து நாள் வரை அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பூசிப் பார்ப்பதையே தோல் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.
2. ஒரு நேரத்தில் ஒரு பொருள். ஆறு பொருள்களைக் கலந்து பூசி முகம் சிவந்தால், எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.
3. பருவுக்குத் தரப்படும் டிரெட்டினாயின், ஐசோட்ரெட்டினாயின் போன்ற மருந்துகளை எடுப்பவர்கள், அண்மையில் முகத்தில் வேக்சிங், பீலிங், லேசர் செய்தவர்கள், எக்ஸிமா உள்ளவர்கள் இந்தச் சோதனையையும் தள்ளிப்போட வேண்டும். அவர்களின் காவல் அடுக்கு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது.
4. கழுவிய சில நிமிடங்களுக்குள், முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். சேர்ந்த நீரைத் தங்கவைப்பது அதுதான்.

எரிய ஆரம்பித்தால் நேரம் பார்க்காமல் கழுவிவிட வேண்டும். குளிர்ந்த குழாய் நீரைப் பதினைந்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அமிலம் பட்ட இடத்தில் சோடாவைப் போட்டு முறிக்க முயன்றால் சேதம் கூடும். கண்ணில் பட்டாலும் அதே அளவு நேரம் நீரூற்றிக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். உதடோ கண் இமையோ வீங்கினால், மூச்சு இறுகினால், உடனே அவசரச் சிகிச்சை தேவை.

தடிப்பு மூன்று நாளில் அடங்காவிட்டால் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்யக்கூடும். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மீண்டும் மூன்றாம் அல்லது நான்காம் நாள் ஒருமுறை பார்ப்பார்கள். போகும்போது பூசிய பொருள்களின் பட்டியலோடு, மிஞ்சிய உலர்தூளையும் அதன் உறையோடு கொண்டுபோவது உதவும். கலவையில் என்னென்ன இருந்தன என்று நினைவிலிருந்து சொல்லும்போது பெரும்பாலும் விட்டுப்போவது, மணத்துக்காகக் கடைசியில் சேர்த்த அந்த ஒரு சிட்டிகைப் பொருள்தான்.